சைக்கிள் தரிப்பிடத்தில் கேட்ட கதைகள்

நூற்றாண்டு மலருக்காகக் கல்லூரியின் வரலாற்றைத் தொகுக்கப் புகுந்தபோது, 1990 முதல் 1995 வரையான ஆண்டுகளுக்கு எம்மிடம் எழுத்தில் கிடைத்தவை மிகச் சில. பரிசளிப்பு விழா அறிக்கைகள், பரீட்சைப் பெறுபேறுகள், அவ்வளவுதான். ஆனால் அக்காலத்தில் உயர்தர வகுப்புகளில் படித்தவர்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு எப்படியும் சைக்கிளில் வந்து நிற்கிறது. ஆகவே அதனையே இங்கு எழுதுகிறோம்.

1990 யூனில் போர் மீண்டும் மூண்டதும் குடாநாட்டுக்கு ரயில் நின்றது, மின்சாரம் நின்றது, பெற்றோல் வருவது தடைப்பட்டது. எஞ்சிய சில கார்கள் மண்ணெண்ணெயில் இருமிக்கொண்டு ஓடின. மற்ற எல்லாவற்றுக்கும் சைக்கிள்தான். நோயாளி ஆஸ்பத்திரிக்குப் போனதும் அதில், விறகு வந்ததும் அதில். லுமாலாவோ, ஏசியாவோ, அப்பாவின் பழைய ராலியோ, கிடைத்ததை ஓடினோம். பார் வைத்த ஆண்கள் சைக்கிளில் சீருடையோடு ஏறுவதைப் பார்த்து முகம் சுளித்தவர்களும் சில மாதங்களில் அதை மறந்துபோனார்கள். ரயருக்கும் ரியூப்புக்கும் தட்டுப்பாடு. வெடித்த ரயருக்குள் பழைய ரயர்த் துண்டை வைத்துக் கட்டி, ஒட்டின்மேல் ஒட்டுப் போட்டு ஓடினோம். பொம்மர் சத்தம் கேட்டால் சைக்கிளை அப்படியே போட்டுவிட்டுக் கிடைத்த பங்கருக்குள் குதிப்போம்.

பற்றரியும் தடைப்பட்ட பொருள் என்பதால் இரவில் செய்தி கேட்கவும் சைக்கிளே உதவியது. ஸ்ராண்டில் நிறுத்தி, டைனமோவிலிருந்து வயர் இழுத்து வானொலிக்குக் கொடுத்து, ஒருவர் பெடலைச் சுற்ற மற்றவர்கள் பிபிசி தமிழோசையைக் கேட்பார்கள். சுற்றுபவர் களைத்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் தேய்ந்துவிடும். முக்கியமான இடத்தில் கை ஓய்ந்ததற்காக வாங்கிய ஏச்சுகளை எம்மிற் பலர் இன்னும் மறக்கவில்லை.

நெடும் பயணம் என்றால் அது வவுனியாவுக்கு. ஏ9 வீதியால் போனால் சுமார் 140 கிலோமீற்றர். ஆனால் ஆனையிறவுப் பாதை மூடப்பட்டிருந்தது. முதலில் கொம்படி, ஊரியான் வழியாகச் சேற்றிலும் நீரிலும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அதுவும் அடைபட்ட பின் கிளாலி. கொடிகாமம் கடந்து கிளாலிக் கரைவரை ஓடி, இருட்டிய பின் சைக்கிளோடு படகேறி, பூநகரிப் பக்கத்துக் கரையில் இறங்கி, மறுபடி கிளிநொச்சிக்கும் அங்கிருந்து தாண்டிக்குளத்துக்கும் ஓடவேண்டும். இயந்திரம் பூட்டிய ஒரு படகு மற்றப் படகுகளைக் கோவையாகக் கட்டி இழுத்துச் செல்லும். கடற்படை எப்போது வரும் என்று எவருக்கும் தெரியாது. 1993 ஜனவரி 2ஆம் திகதி இரவு அக்கடலில் படகுகள் தாக்கப்பட்டுப் பொதுமக்கள் பலர் கொல்லப்பட்டனர். அதன் பின்னரும் வேறு வழியில்லாமல் சனம் அதே கடலால் போய் வந்தது.

பேராதனைக்கும் மொறட்டுவைக்கும் அனுமதி கிடைத்த அக்காமார், பாஸ் எடுத்து அவ்வழியே போனார்கள். விடுமுறையில் வந்தால் கல்லூரியை எட்டிப் பார்க்காமல் போகமாட்டார்கள். சைக்கிள் தரிப்பிடத்து வேப்பமரத்தின் கீழ் அவர்களைச் சூழ்ந்து நிற்போம். சான்றிதழ்களைப் பொலித்தீனில் சுற்றி உடம்போடு கட்டவேண்டும், கரியரில் கட்டும் கயிறு ரியூப் கயிறாக இருக்கவேண்டும், படகில் வெள்ளை உடுப்புப் போடக்கூடாது: இவையெல்லாம் நாம் கேட்ட கதைகளுக்குள்ளே இருந்த அறிவுரைகள். அடுத்த வருடம் போகப்போகிறவர்களுக்கு அதுவே வழிகாட்டிப் புத்தகம். ஆனால் சொன்ன விதமோ முழுக்கச் சிரிப்பு. சேற்றில் புதைந்த செருப்பு, படகில் சத்தி எடுத்த பேராசிரியர், வழியில் காற்றுப்போன சைக்கிளுக்கு இடியப்பம் கொடுத்து ஒட்டுப்போட்ட கதை.

சைக்கிளில் நெடுந்தூரம் போய்க் கதை சொன்ன பெண்கள் உலகில் முன்பும் இருந்தனர். 1894இல் பொஸ்டன் நகரிலிருந்து புறப்பட்ட அனி லண்டன்டெரி மூன்று பிள்ளைகளின் தாய். லண்டன்டெரி என்பது அவருடைய சொந்தப் பெயரல்ல. 100 டொலர் கொடுத்த ஒரு குடிநீர்க் கம்பனியின் பெயர். நீண்ட பாவாடையோடு 42 இறாத்தல் சைக்கிளில் தொடங்கியவர், பின்னர் அதில் பாதி எடையுள்ள ஆண்கள் சைக்கிளுக்கு மாறினார். உலகைச் சுற்றிய வழியில் கொழும்புத் துறைமுகத்தையும் தொட்டார். பெரும்பகுதித் தூரத்தைக் கப்பலில் கடந்துவிட்டு, இந்தியாவில் புலி வேட்டையாடியதாகவெல்லாம் சபைகளில் சொன்னவர் அவர். அதற்காக அவரைக் குறை சொல்ல எமக்கு மனமில்லை. பயணத்தை விற்றுத்தான் அவர் பயணம் செய்யவேண்டியிருந்தது. ஆனால் எமது அக்காமார் செய்தது இதற்கு நேர்மாறு. அவர் இல்லாத ஆபத்தைச் சேர்த்தார். இவர்கள் இருந்த ஆபத்தைக் கழித்துவிட்டார்கள். கழிக்காவிட்டால் வீட்டில் அடுத்த பிள்ளையை அனுப்பமாட்டார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும்.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது சைக்கிள் ஓடுவதற்கு இடமே இருக்கவில்லை. மழையில், நாவற்குழிப் பாலத்தை நோக்கி, அம்மம்மாவைக் கரியரில் இருத்தி உருட்டினோம். சாவகச்சேரி 16 கிலோமீற்றர்தான். விடிந்த பின்னும் பலர் போய்ச் சேரவில்லை. அந்த இரவைப் பற்றிச் சிரிப்புக் கதை எவரும் சொன்னதாக நினைவில்லை.

இம்மலருக்காகச் சென்ற ஆண்டு பழைய மாணவிகள் பலரது நினைவுகளை ஒலிப்பதிவு செய்தோம். அவர்களுள் ஒருவரின் கதை எம் எல்லோருக்கும் பாடம். 1993இல் ஓர் இரவு கிளாலியில் அவர் ஏறியது ஒரு படகு, சைக்கிளை ஏற்றியது பின்னால் வந்த இன்னொரு படகு. சைக்கிள் வந்து சேரவில்லை. கிளிநொச்சிவரை நடந்தது, உழவு இயந்திரக்காரரிடம் கெஞ்சியது, சைக்கிளுக்காக அப்பாவிடம் வாங்கப்போகும் ஏச்சை நினைத்து அழுதது என்று அவர் சொல்லச் சொல்ல அன்று வயிறு நோகச் சிரித்தோம். பிறகு நாமே எத்தனையோ பேருக்கு அதைச் சொல்லிச் சிரிக்க வைத்தோம்.

ஒலிப்பதிவிலும் அதே கதையைத்தான் தொடங்கினார். உழவு இயந்திரம் வரும் இடத்தில் நிறுத்திவிட்டு, "அந்தப் படகில ஆக்களும் இருந்தவை" என்றார்.

முப்பது வருடங்களாக எம்மில் ஒருவரும் அதைக் கேட்டிருக்கவில்லை. எத்தனை பேர் என்று கேட்டோம். தெரியாது என்றார். கரையில் ஏறும்போது ஒரு தாய் தன் பிள்ளைக்குப் போர்வை போர்த்திக்கொண்டிருந்ததைக் கண்டதாகவும், அவர்கள் அந்தப் பின் படகில்தான் ஏறினார்கள் என்றும் சொன்னார். பிறகு தேநீர் ஆறுகிறது என்று எழுந்து போய்விட்டார். அவருடைய சம்மதத்துடன் அப்பதிவைக் கல்லூரி நூலகத்தில் வைத்திருக்கிறோம்.