வசையே சான்று

இஸ்லாத்தின் சமத்துவத்தைப் பேசும்போதெல்லாம் நாம் பிலாலை நினைக்கிறோம். அடிமையாயிருந்த அந்தக் கறுப்பின மனிதரே தொழுகைக்கு அழைத்த முதல் குரல். ஆனால் 14ஆம் நூற்றாண்டு டெல்லியில் ஜியாவுத்தீன் பரனி வேறு விதமாக எழுதினார். 'ஃபதாவா-இ-ஜஹான்தாரி' நூலில், தாம் 'இழிந்தோர்' என்று ஒதுக்கிய உழைக்கும் மக்களுக்குத் தொழுகை, நோன்பு விதிகள் போதும், எழுத்தறிவு கூடாது என்றார். நாவிதர், சமையற்காரர், தோட்டக்காரர், நெசவாளர் ஆகியோருக்கு முகமது பின் துக்ளக் பதவி தந்ததைத் தம் வரலாற்று நூலில் வசைபாடினார். அந்த வசையே நமக்குச் சான்று. எழுத்தைத் தடுக்கச் சொன்னார் என்றால், எழுத்தை நோக்கி நம்மவர் கை நீண்டிருக்கிறது. உயர்ந்தோர் எழுதிய ஏடுகளிலிருந்தே நம் முன்னோரை மீட்டெடுப்போம்.