மருந்து முன்னே, காரணம் பின்னே

மூளையில் டோபமின் மிகுவதே மனச்சிதைவுக்குக் காரணம் என்று பலரும் சொல்கிறார்கள். நோயை ஆராய்ந்து கண்ட முடிவல்ல இது. மருந்து வேலை செய்ததைப் பார்த்து, அதிலிருந்து பின்னோக்கி ஊகித்தது. 1952-இல் பாரிஸின் சேன்ட் ஆன் மருத்துவமனையில் ழான் தலேயும் பியர் டெனிகேரும் மனநோயாளிகளுக்குக் குளோர்புரோமசைனைக் கொடுத்தபோது, அது மூளையில் என்ன செய்கிறது என்று யாருக்கும் தெரியாது. அறுவை சிகிச்சையின் அதிர்ச்சியைத் தணிக்கப் பயன்பட்ட மருந்து அது. நம் சர்ப்பகந்தா வேரின் கதையும் அதேதான். பித்துக்கும் ரத்தக் கொதிப்புக்கும் அது உதவும் என்று கல்கத்தாவில் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் 1931-லேயே எழுதிவிட்டார்கள்.

அந்த வேரிலிருந்து பிரித்த ரெசர்பினைத்தான் சுவீடனின் அர்விட் கார்ல்சன் 1957-இல் முயல்களுக்குச் செலுத்தினார். காது தொங்கி, அசைவற்றுக் கிடந்தன. டோபமினின் மூலப்பொருளான எல்-டோபாவை ஏற்றியதும் எழுந்து நடமாடின. 1963-இல் அவரும் மார்கிட் லிண்ட்க்விஸ்டும் சுண்டெலிகளுக்குக் குளோர்புரோமசைன் கொடுத்தபோது டோபமின் குறையவில்லை. அது சிதைந்து உண்டாகும் பொருள்கள்தான் கூடின. டோபமினை வாங்கிக்கொள்ளும் ஏற்பி அடைபட்டதால் நரம்பணு ஈடுகட்டப் பார்க்கிறது என்று கணித்தார்கள். 1970-களின் நடுவில் டொராண்டோவில் பிலிப் சீமனும் பால்டிமோரில் சாலமன் ஸ்னைடரும் கன்றின் மூளைத் திசுவில் அதைச் சோதித்தார்கள். பின்னாளில் டி2 எனப் பெயர் பெற்ற ஏற்பியை எந்த மருந்து இறுகப் பற்றுகிறதோ, அது கொஞ்சமாகக் கொடுத்தாலே போதுமாயிருந்தது. ஹாலோபெரிடோல் சில மில்லிகிராம், குளோர்புரோமசைன் நூற்றுக்கணக்கில்.

இவ்வளவு ஒழுங்கு தற்செயலாக வருமா என்று கேட்கலாம். வராது. ஆம்ஃபெடமின் டோபமினைக் கூட்டிப் பித்தையும் வரவழைக்கிறது. 1990-களின் மூளைப் படங்களும் நோயாளிகளிடம் டோபமின் மிகையாகச் சுரப்பதைக் காட்டின. குரல்கள் கேட்பதற்கும் வீண் சந்தேகங்களுக்கும் இது பொருந்துகிறது. ஆனால் பற்றும் இறுக்கத்தையும் மருந்தளவையும் ஒப்பிட்ட கணக்கில் இடம்பெற்றவை பெரும்பாலும் குளோர்புரோமசைனின் சாயலில் தேடி எடுத்த மருந்துகள். ஒரே வலையில் பிடித்த மீன்கள் ஒரே அளவாக இருப்பதில் என்ன வியப்பு? குளோசபின் டி2-ஐத் தளர்வாகவே பற்றும். ஆனால் 1988-இல் வெளியான சோதனையில், மற்ற மருந்துகளுக்கு மசியாத நோயாளிகளில் 30 சதவீதத்தினர் அதனால் தேறினார்கள். குளோர்புரோமசைனால் தேறியவர்கள் 4 சதவீதம். குளுட்டமேட் என்ற வேறொரு மூளை வேதிப்பொருளின் ஏற்பியை அடைக்கும் ஃபென்சைக்ளிடின் என்ற போதைப்பொருளோ பித்தோடு நிற்காமல், ஒடுங்கிப்போதலையும் சிந்தனைக் குழப்பத்தையும் சேர்த்தே உண்டாக்குகிறது. டோபமின் கணக்கு பெரிதாகத் தொடாத பகுதிகள் இவை.

2024-இல் அமெரிக்கா அனுமதித்த சனோமெலின்-ட்ரோஸ்பியம் டி2 பக்கமே போகாமல் மூளையின் மஸ்கரினிக் ஏற்பிகளைத் தூண்டுகிறது. கோட்பாட்டிலிருந்து பிறந்த மருந்து என்று இதைக் காட்டுவோரும் உண்டு. ஆனால் சனோமெலின் 1990-களில் அல்சைமர் நோய்க்காகச் சோதிக்கப்பட்டது. அந்த நோயாளிகளுக்குப் பிரமைகள் குறைந்ததைப் பார்த்த பிறகுதான் மனச்சிதைவின் பக்கம் திரும்பினார்கள்.