கரைக்காவல்: ஏரி, உடைப்பு, சுதந்திரம்

"தண்ணி தெளிவா வந்தா பயமில்ல தம்பி. கலங்கலா வந்துச்சின்னா மண்ண இழுத்துக்கினு வருதுன்னு அர்த்தம். அப்புறம் நின்னு பாத்துக்கினு இருக்கக்கூடாது."

ஒரகடத்திலிருந்து சற்று உள்ளே தள்ளி ஓர் ஏரி. அதன் கரையடியில் குந்தியபடி ஒரு பெரியவர் சொன்னது இது. அவருடைய அப்பா அந்த ஏரிக்கு நீர்க்கட்டி. இந்தப் பக்கத்தில் கம்புகட்டி என்றும் சொல்வார்கள். மண் அணையின் பாதுகாப்பு பற்றிப் பொறியியல் புத்தகம் ஓர் அத்தியாயம் முழுக்கச் சொல்வதை இரண்டு வாக்கியத்தில் முடித்துவிட்டார். மண்கரை என்றால் கசியத்தான் செய்யும். கசிவு மண்ணைக் கூட்டிக்கொண்டு வரும்போது கரைக்குள் ஒரு குழாய் உருவாகத் தொடங்குகிறது. பொறியாளர்கள் இதை பைப்பிங் என்பார்கள். எலி வளை, நண்டு வளை, பட்டுப்போன சீமைக் கருவேலத்தின் வேர் அழுகி விட்டுச்சென்ற துளை, மதகின் கட்டுமானமும் மண்ணும் சேருமிடத்து இடுக்கு - எங்கிருந்து வேண்டுமானாலும் அது தொடங்கலாம்.

உடைப்புக்கு இன்னொரு வழியும் உண்டு. தண்ணீர் கரையின் தலைமேல் ஏறி வழிந்தால் எந்த மண்கரையும் நிற்காது. இதற்காகத்தான் கலங்கல். ஏரி கொள்ளாத தண்ணீரை அடுத்த ஏரிக்கு அனுப்பும் வாய் அது. பழைய கலங்கல்களின் மேல் வரிசையாகக் கல் நட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மழைக்காலம் முடியும் தறுவாயில் அந்தக் கற்களுக்கிடையே களிமண்ணும் புல்லும் வைத்து அடைத்து ஒரு முழம், ஒன்றரை முழம் கூடுதலாகத் தண்ணீர் பிடிப்பார்கள். திடீரென்று மழை பிடித்துக்கொண்டால் ராத்திரியோடு ராத்திரியாக அந்த அடைப்பை எடுத்தாக வேண்டும். எடுக்கவும் எடுக்காமலிருக்கவும் ஆட்கள் இருப்பார்கள். ஆயக்கட்டில் நிலம் வைத்திருப்பவனுக்குத் தண்ணீர் நிற்க வேண்டும். நீர்ப்பிடிப்பில் பயிர் வைத்தவனுக்கு வடிய வேண்டும். போக்குக்கால் ஓரத்தில் குடிசை போட்டிருப்பவனுக்கு அது தன் வாசல் வழியாக வடியாமலிருக்க வேண்டும். கலங்கலின் உயரம் என்பது அடிக்கோல் அளவு மட்டுமல்ல, ஊருக்குள் யார் கை ஓங்கியிருக்கிறது என்பதன் அளவும்கூட.

ஏரி பற்றி நம்மிடையே புழங்கும் கதையாடலில் இந்தக் கைகள் காணாமல் போய்விடுகின்றன. மார்க்ஸ் 1853இல் இந்தியா பற்றி எழுதியபோது நீர்ப்பாசனத்தை மைய அரசின் வேலையாகக் கண்டார். விட்ஃபோகல் 1957இல் அதை ஊதிப் பெருக்கிக் கீழைத்தேயக் கொடுங்கோன்மை என்றே ஒரு கோட்பாடு கட்டினார். அதற்கு மறுப்பாக நம் ஆட்கள் உத்திரமேரூரைக் காட்டினார்கள். முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு, கி.பி. 921, குடவோலை, ஆறு பேர் கொண்ட ஏரி வாரியம். மறுப்பு சரிதான், ஏரியை ராஜா பராமரிக்கவில்லை, சபை பராமரித்தது. ஆனால் அந்தக் கல்வெட்டை முழுக்கப் படித்தால் வாரியத்துக்கு வரக்கூடியவன் யார் என்பதும் தெரியும்: கால் வேலிக்கு மேல் இறைநிலம், சொந்த மனையில் வீடு, வேதப் பயிற்சி. அடைமழையில் கரையில் நின்றவனுக்கு இந்த மூன்றில் எதுவும் இருந்திருக்காது. அவன் பெயரைக் கல்லில் வெட்டவுமில்லை.

1767 முதல் 1774 வரை செங்கல்பட்டுச் சீமையின் ஊர்களைத் தாமஸ் பர்னார்டு அளந்து கணக்கெடுத்தார். களத்தில் குவிந்த நெல்லிலிருந்து யார் யாருக்கு எவ்வளவு என்ற விவரம் அதில் வருகிறது. தரம்பால் இந்த ஆவணங்களிலிருந்து தன்னாட்சி பெற்ற ஒரு சமூகத்தைக் கண்டெடுத்தார். அவருடைய உழைப்பைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். காலனியம் எதை உடைத்தது என்பதை அவர் வழியாகத்தான் நாம் பார்க்கக் கற்றோம். ஆனாலும் ஒரு சொல் என்னைத் தொந்தரவு செய்துகொண்டே இருக்கிறது. களத்தில் பங்கு பிரிப்பதற்கு முன் எடுத்துவைக்கும் இந்த நெல்லுக்கு அந்தச் சீமையில் 'சுதந்திரம்' என்று பெயர். ஏரி காத்தவனும் அப்படிக் களத்தில் அளந்து தந்ததை வாங்கித்தான் பிழைத்தான். பெரும்பாலும் சேரிக்காரன். அவனுக்கு நெல்லில் உரிமை உண்டு, நிலத்தில் கிடையாது. மதகைத் திறக்கத் தண்ணீருக்குள் முங்குவான். எந்த வயலுக்கு எவ்வளவு என்று பங்கிடுவான். அப்படிப் பங்கிடும் வயல்களில் ஒன்றுகூட அவனுடையதாக இருக்காது. பாரபட்சமில்லாமல் பங்கிட இதுதான் ஏற்ற ஏற்பாடு என்று பெருமையாகச் சொல்பவர்களை நானே சந்தித்திருக்கிறேன்!

வெள்ளைக்காரன் இந்த உழைப்பைச் சட்டமாக்கினான். 1858ஆம் வருடத்து முதலாவது சட்டத்தைச் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம் என்பார்கள். உடைப்பு அபாயம் வந்தால் அக்கம்பக்கத்தில் உடல் வலுவுள்ள ஆண்கள் எல்லோரையும் வேலைக்கு அழைக்கலாம், மறுத்தால் அபராதமோ சிறையோ விதிக்கலாம். வழக்கமாகச் செய்துவந்த குடிமராமத்தையும் அதே சட்டம் கட்டாயமாக்கியது. எழுத்தில் 'எல்லோரும்' என்றிருக்கிறது. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மணியக்காரர் எந்தத் தெருவுக்கு ஆள் அனுப்பியிருப்பார் என்று யோசிக்க ஆய்வேடு எதுவும் வேண்டியதில்லை.

பிற்பாடு ஏரிகள் இரண்டாகப் பிரிந்தன. 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ளவை பொதுப்பணித்துறைக்கு, மற்றவை ஊராட்சி ஒன்றியத்துக்கு. பிரிக்கப்படாத காஞ்சிபுரம் மாவட்டத்தில் முதல் வகை மட்டும் 900க்கு மேல். தொண்ணூறுகளின் கடைசியில் இருங்காட்டுக்கோட்டையில் கார் தொழிற்சாலை வந்தது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான். இடையில் 2006இல் வந்த நோக்கியா 2014இல் மூடிவிட்டுப் போனது. ஆயக்கட்டு குறையக் குறைய களமும் குறைந்தது. களம் இல்லாத இடத்தில் சுதந்திரமும் இல்லை, அதை நம்பியிருந்த நீர்க்கட்டியும் இல்லை. பெரியவரின் மகன் ஒரு கம்பெனிக்கு ஆள் ஏற்றும் வேன் ஓட்டுகிறார். இதற்காக நான் கண்ணீர் விட மாட்டேன். அந்தப் பிள்ளை முங்க வேண்டியதில்லை என்பது நல்ல சேதி. ஆனால் கரை அங்கேயேதான் இருக்கிறது. முன்பு அது பாசனத்துக்குத் தண்ணீரைத் தேக்கியது. இப்போது அதன் வேலை வெள்ளத்தைத் தடுப்பது, அதாவது கீழே வயல் இருந்த இடத்தில் முளைத்திருக்கும் கூரைக் கொட்டகைகளையும், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தொழிலாளர்கள் ஓர் அறைக்கு எட்டுப் பேராகப் படுத்திருக்கும் வாடகைக் கட்டடங்களையும் காப்பது. அவர்களில் யாருக்கும் தலைக்கு மேலே ஓர் ஏரி இருப்பது தெரியாது. போக்குக்கால் எது என்று அடையாளம் காட்டவும் ஆளில்லை.

2015 டிசம்பர் 1 அன்று தொடங்கிய 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. கொட்டியது. செம்பரம்பாக்கத்திலிருந்து 29,000 கன அடி திறந்ததைப் பற்றி நாடே பேசியது. 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தணிக்கை அறிக்கை, அது மனிதர்களால் விளைந்த பேரிடர் என்றது. பேச வேண்டியதுதான். ஆனால் அடையாற்றுக்கு அன்று வந்த தண்ணீரில் கணிசமான பங்கு, ஷட்டரே இல்லாத ஆதனூர், மணிமங்கலம், ஒரத்தூர் பக்கத்து ஏரிகளின் வழியாக வந்தது. அந்த மழையில் மாவட்டம் முழுக்க ஏரிகள் உடைந்தன. ஏரிகள் சங்கிலி, மேலே ஒன்று உடைந்தால் அதன் முழுத் தண்ணீரும் கீழுள்ள கரையில் ஒரேயடியாக வந்து மோதும். செம்பரம்பாக்கத்துக்குத் திறந்தவர் யார் என்று விசாரிக்க ஓர் அதிகாரியாவது உண்டு. சின்ன ஏரிக்கு யாரைக் கேட்பது?

சட்டத்தைக் கேட்கலாமென்றால், 2021இன் அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளைப் பார்க்கிறது. 10 முதல் 15 மீட்டர் வரையுள்ளவற்றைச் சில நிபந்தனைகளோடு பார்க்கிறது. நம் ஏரிக்கரைகளில் பெரும்பாலானவை அதன் கண்ணுக்கே தெரியாத உயரம். இலங்கையில் கந்தளாய்க் குளத்தின் கரை 1986 ஏப்ரல் 20 அதிகாலையில் உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் செத்தார்கள். கனரக வாகனங்கள் கரைமேல் ஓடியதும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. பெரியவரோடு நான் நின்ற கரையில் இரண்டு டயர்த் தடங்கள், முழங்கால் ஆழம். மண் லாரி.

2017 மார்ச்சில் குடிமராமத்து என்ற பழைய பெயரிலேயே புதிய திட்டமொன்றை முதலமைச்சர் தொடங்கிவைத்தார். இடம் மணிமங்கலம் ஏரி. முதல் கட்டமாக 1,519 பணிகள், 100 கோடி ரூபாய். ஆயக்கட்டுதாரர் சங்கங்கள் மூலம் வேலை நடக்கும் என்றார்கள். ஆயக்கட்டுதாரர் என்றால் நிலம் உள்ளவர். கரையில் நின்றவனின் பேரனுக்கு அதில் இடமுண்டா என்று பெரியவரிடம் கேட்டேன்.

"சங்கத்துல பேரு இருக்கணும்னா பட்டா இருக்கணும் தம்பி" என்றார். பிறகு மதகுப் பக்கம் கையைக் காட்டி, போன ஐப்பசியில் அங்கே தண்ணீர் கலங்கலாக வந்ததையும், தான் மட்டும் நாலு மூட்டை மண்ணும் சவுக்குக் கழியும் கொண்டுபோய் அடைத்ததையும் சொன்னார். யார் சொல்லிச் செய்தீர்கள் என்று கேட்டதற்கு அவருக்குக் கேள்வியே புரியவில்லை.