ஆட்டத் திருத்தங்களும் தானியங்கிப் புதுப்பிப்பும்

கணினியிலோ கைப்பேசியிலோ ஆடப்பெறும் ஆட்டமொன்றில், அதனை ஆக்கி விற்ற நிறுவனத்தாரல்லாமல் ஆடுவோர் தாமே புகுத்தும் மாறுதலுக்கு ஆட்டத் திருத்தம் என்று பெயர்; ஆடுவோரிடையே 'மோட்' என்ற சொல்லே வழக்கு. ஆக்கியோர் அவ்வப்போது சீர்செய்து அனுப்பும் புதிய பதிப்பு, ஆடுவோரின் சம்மதத்தை எதிர்பாராமல் இணையத்தின் வழியே தானாக வந்து பழைய பதிப்பின் இடத்தில் அமர்ந்துகொள்ளும்போது, பழையதற்கென்று அளவெடுத்துத் தைத்த திருத்தங்கள் பொருந்தாமற் போய், ஆட்டம் இடையிலே நின்றுவிடுவதும், தொடங்காமலே போவதும், பல நாள் ஆடிச் சேமித்து வைத்த நிலை திறவாமற் கெடுவதும் உண்டு. அப்டேட்டில் மோட் போய்விட்டது என்று ஆடுவோர் சுருங்கச் சொல்லும் இவ்விடர்ப்பாடே இக்கட்டுரையின் விஷயம்.

ஆட்டத்தைத் தம் மனம்போல் மாற்றிக்கொள்ளும் ஆசை கணினியோடு பிறந்ததன்று. மைசூர் சமஸ்தானத்தின் அரியணையில் 1799-இல் ஐந்து வயதுப் பாலகராக அமர்த்தப்பெற்று, 1831-இல் ஆங்கிலேயர் நிர்வாகத்தைத் தம் கைக்கு எடுத்துக்கொண்டபின் பட்டத்தை மட்டும் தாங்கி 1868 வரை வாழ்ந்த மும்மடி கிருஷ்ணராஜ உடையார், அரசியல் வினை குறைந்த அந்நெடுங்காலத்தில் சங்கீதம், சித்திரம், சாஸ்திரம் முதலியவற்றோடு ஆட்டங்களிலும் அளவிறந்த ஈடுபாடு கொண்டிருந்தார். பாரசீக வழியாக இந்நாட்டிற்கு வந்த கஞ்சீபா என்னும் சீட்டாட்டம் மொகலாயர் முறையில் 96 சீட்டுகளும், தசாவதார முறையில் 120 சீட்டுகளும் கொண்டது. அதனை எடுத்துக்கொண்ட உடையார், தெய்வங்களையும் கிரகங்களையும் புதிது புதிதாக வரிசைப்படுத்தி, 360 சீட்டு வரையில் விரியும் 'சாட்' என்னும் ஆட்ட வகைகளை வகுத்தார். சதுரங்கக் குதிரை ஒரு கட்டத்தையும் இருமுறை மிதியாமல் 64 கட்டங்களையும் சுற்றிவரும் வழிகளையும் அவர் ஆராய்ந்தார். இன்றைய வழக்கிற் சொன்னால் மோட் செய்வோருக்கெல்லாம் அவரைத் தலைமகன் எனலாம். ஆயினும் இக்காலத்தாருக்கில்லாத ஓர் அநுகூலம் அவருக்கு இருந்தது. மூலச் சீட்டுக்கட்டை வரைந்து விற்ற சித்திரக்காரன் நள்ளிரவில் அரண்மனைக்குள் புகுந்து, 96 சீட்டுகளையும் வாரிக்கொண்டு, விளிம்பளவில் சிறிதே மாறிய வேறு 96 சீட்டுகளை அவ்விடத்தில் வைத்துவிட்டுப் போகும் அபாயம் அவருக்கு நேர்ந்ததில்லை.

திருத்தங்கள் எல்லாம் ஒரு தரத்தன அல்ல. வண்டியின் வண்ணத்தையோ வீரனின் உடையையோ மாற்றும் படக்கோப்புகள் பெரும்பாலும் புதுப்பிப்பைத் தாங்கிக்கொள்ளும். ஆட்டத்தின் விதிகளையும் நிலப்படத்தையும் மாற்றுபவை அவ்வளவு உறுதியானவையல்ல; கோப்பின் அமைப்பு மாறினால் அவை கெடும். மிக எளிதில் முறிபவை, ஆட்டத்தின் இயங்கு நிரலுக்குள்ளேயே நுழைந்து, நினைவகத்தில் இன்ன எண்ணுள்ள இடத்தில் இன்ன கட்டளை இருக்கிறது என்று கண்டு அதனைப் பற்றித் திருப்புபவை. ஒரு தெருவில் வீடுகளுக்குப் பெயரும் இல்லை, கதவெண்ணும் இல்லை, 'முனையிலிருந்து பதினேழாவது வீடு' என்ற கணக்கைக் கொண்டே தபால்காரர் கடிதம் கொடுத்து வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். நடுவில் இருந்த வெற்றிடத்தில் யாரோ ஒருவர் ஒரு சிறு வீடு கட்டிக்கொண்டால், அதற்கு அப்பாலுள்ள எல்லோருக்கும் அயல்வீட்டார் கடிதமே வந்து சேரும். புதுப்பிப்பிற் சேர்ந்தது ஒரே ஒரு வரியாக இருந்தாலும் விளைவு இதுதான்.

இதற்குப் பெரிய உதாரணம் பெத்தஸ்டா நிறுவனத்தாரின் ஸ்கைரிம். 2011 நவம்பர் 11 அன்று வெளியான அவ்வாட்டத்திற்கு, சரியாகப் பத்தாண்டு நிறைந்த நாளில் ஆண்டுவிழாப் பதிப்பு வந்தது. அதனோடு வந்த புதுப்பிப்பில், மூல நிரலை இயங்கு நிரலாக மாற்றும் தொகுப்பி மென்பொருளையே புதிதாக மாற்றியிருந்தமையால், ஆட்டத்தின் உள்ளமைப்பு முழுதும் இடம்பெயர்ந்து, எஸ்.கே.எஸ்.இ. என்னும் நீட்சி நிரலும் அதனைச் சார்ந்து நின்ற திருத்தங்களும் ஒருங்கே செயலிழந்தன. நீட்சி நிரல் பின்னர்ப் புதுக்கப்பெற்றும், பழைய 1.5.97-ஆம் பதிப்பை விடாமற் பிடித்துக்கொண்டவர் பலர். இத்தகைய துன்பங்களிலிருந்து பிறந்த நல்ல உபாயம், பதிப்புத்தோறும் எந்தக் கட்டளை எந்த இடத்தில் இருக்கிறது என்பதை அட்டவணையாக்கி, திருத்தங்கள் எண்ணை நேரே நம்பாமல் அட்டவணையைப் பார்த்துச் செல்லுமாறு செய்தது. நம் தபால்காரர் கையில் ஊர்வரிப் பதிவேடு ஒன்றைக் கொடுத்தது போல.

அந்நிறுவனத்தாரின் ஃபால்அவுட் 4 ஆட்டத்தில் நேர்ந்தது இதனினும் வருந்தத்தக்கது. அதே பெயரில் எடுத்த தொலைக்காட்சித் தொடர் வெளியாகி எல்லோரும் ஆட்டத்தை நாடிய 2024 ஏப்ரல் மாதத்தில், 25-ஆம் நாள் ஒரு பெரிய புதுப்பிப்பு வந்தது. ஆர்வலர் குழுவொன்று பல ஆண்டு ஊதியமின்றி உழைத்து, தனி ஆட்டமே என்று சொல்லத்தக்க அளவில் ஆக்கிய ஃபால்அவுட் லண்டன் என்னும் திருத்தம் அதற்கு இரண்டே நாள் முன்னதாக வெளிவருவதாக இருந்தது. புதுப்பிப்பு வரவிருப்பது தெரிந்ததும் வெளியீட்டைத் தள்ளிவைக்க வேண்டியதாயிற்று. முடிவில் அது ஜூலை 25 அன்று, ஜி.ஓ.ஜி. என்னும் விற்பனைத் தளத்தின் வழியாக, பழைய பதிப்பின்மேலே நிறுவிக்கொள்ளுமாறு வெளிவந்தது. ஆட்டத்தை வேறு கடையில் வாங்கியிருந்தவர்கள் முதலில் தம் ஆட்டத்தைப் பழையதாக்கிக்கொண்டு, பிறகே திருத்தத்தை நிறுவ நேர்ந்தது.

நம் பக்கத்தில் இவ்விடர்ப்பாடு பேருந்தேறி வந்தது. மைசூரிலிருந்து சாமராஜநகரைக் கடந்து, திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் ஒவ்வொன்றாக இறங்கிச் சத்தியமங்கலம் சேரும் வண்டியில், ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையைப் பிடிப்பதற்காகப் பெட்டியைக்கூட மறந்து ஓடியிருக்கிற சிறுவர்களுக்கு, அந்த ஸ்டியரிங்கைத் தாமே பிடிக்க வேண்டும் என்ற ஆசை இயல்பு. இந்தோனேசியாவைச் சேர்ந்த மாலியோ நிறுவனத்தார் 2017-இல் ஆண்டிராய்டு கைப்பேசிகளுக்கு வெளியிட்ட பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா, விலையின்றிக் கிடைத்ததோடு, நம்நாட்டைப் போலவே இடப்புறம் ஓடும் சாலையும் வலப்புற ஸ்டியரிங்கும் உடையதாக இருந்தமையால், தென்னிந்தியச் சிறுவர்களின் கைக்கு இலகுவில் வந்தது. வண்டிக்கு ஆடுவோர் தாமே வண்ணம் தீட்டலாம். பின்னர் வண்டியையே புதிதாக ஆக்கி 'பஸ்ஸிட்மோட்' என்னும் ஈறுடைய கோப்பாகச் சேர்க்கவும் நிறுவனத்தார் இடம் கொடுத்தனர். கர்நாடகத்தின் ஐராவத், ராஜஹம்ச வண்டிகளும், தமிழ்நாட்டு அரசுப் பேருந்துகளும், கேரளத்துச் சிவப்பு வண்டிகளும் இவ்வாறு அந்த இந்தோனேசியச் சாலையில் ஓடத் தொடங்கின. கே.எஸ்.ஆர்.டி.சி. என்னும் ஐந்தெழுத்து யாருக்கு உரியது என்று கர்நாடகமும் கேரளமும் சென்னை உயர் நீதிமன்றம் வரை வழக்காடியதுண்டு. சிறுவர்களின் கைப்பேசியிலோ இரண்டும் ஒரே அடைவில் அடுத்தடுத்து, சச்சரவின்றி நின்றன.

நிறுவனத்தார் இடம் கொடுத்த வழியிற் சேர்த்த வண்டிகள் ஓரளவு பிழைத்தன. அவர்கள் இடம் கொடாத வழி ஒன்றும் இருந்தது. விபரீதம் விளைந்தது அங்கேதான். எதிரே வரும் லாரியும் ஆட்டோவும் நம் ஊருடையனவாக இருக்க வேண்டும், ஏர் ஹாரனின் ஓசை நம் தனியார் பேருந்தின் ஓசையாக இருக்க வேண்டும் என்று விரும்பினோர், படங்களும் ஓசைகளும் அடங்கிய ஓ.பி.பி. என்னும் பெருங்கோப்பையே திறந்து மாற்றி, மூலக் கோப்பிருந்த இடத்தில் வைத்துக்கொண்டனர். ஆண்டிராய்டு முறைப்படி அக்கோப்பின் பெயரிலேயே ஆட்டத்தின் பதிப்பு எண் பொறித்திருக்கும். இரவில் கைப்பேசி வைஃபையில் கிடக்கும்போது பிளே ஸ்டோர் புதிய பதிப்பை நிறுவிவிட்டால், காலையில் ஆட்டம் புதிய எண்ணுள்ள கோப்பையே தேடும்; பழைய எண்ணைத் தாங்கிய திருத்தக் கோப்பு இருந்தும் இல்லாததாகிவிடும். நேற்று நம்மூர் லாரி வந்த வளைவில் இன்று இந்தோனேசிய லாரி வரும். ஹாரனை அழுத்தினால் 'தெலோலெட்' என்று ஒலிக்கும். கோப்பின் பெயரை மாற்றி ஏமாற்றப் பார்ப்போர் உண்டு. உள்ளமைப்பு மாறியிருந்தால் ஆட்டம் கறுந்திரையோடு நின்றுவிடும். 2020-இல் வந்த ஆண்டிராய்டு 11 பிற செயலிகள் ஓ.பி.பி. கோப்பு இருக்கும் அடைவினுள் கைவைப்பதைத் தடுத்தது. 2021 ஆகஸ்டு முதல் பிளே ஸ்டோரிற் புதிதாகச் சேரும் ஆட்டங்களுக்கு ஓ.பி.பி. முறையே நீங்கியது. பாதுகாப்பை முன்னிட்டுச் செய்த இம்மாறுதல்கள் நியாயமானவையே. பாதிப்புற்றவருள் ஹாரன் மாற்ற முயன்ற பன்னிரண்டு வயதுப் பையனும் ஒருவன் என்பதையும் குறித்துவைத்தல் தகும்.

கணினியில் ஆடுவோர் இதே ஆசையை, செக் நாட்டு எஸ்.சி.எஸ். நிறுவனத்தார் 2012-இல் வெளியிட்ட யூரோ டிரக் சிமுலேட்டர் 2 ஆட்டத்தில் தீர்த்துக்கொள்வர். இதில் திருத்தம் செய்வோர் தம் கோப்புக்குள்ளேயே எந்தப் பதிப்புக்கு இது பொருந்தும் என்று எழுதிவைக்க இடமுண்டு. பொருந்தாத திருத்தத்தை ஆட்டமே பட்டியலிற் சுட்டிக்காட்டி எச்சரிக்கும். அதனினும் சிறந்தது, முந்திய பதிப்புகளை ஸ்டீம் என்னும் விற்பனைத் தளத்தில் தனிக் கிளைகளாக வைத்து, வேண்டுவோர் அவற்றிற்கே திரும்பிக்கொள்ள விட்டிருப்பது. மைன்கிராஃப்டின் ஜாவா பதிப்பிலும் ஆடுவோர் எந்தப் பழைய பதிப்பையும் தாமே தேர்ந்து திறக்கலாம். அதனாலேயே, 2018 ஜூலையில் வந்த 1.13 உள்ளமைப்பை வெகுவாக மாற்றியபோது, 1.12.2-இல் நின்ற திருத்தங்கள் ஒரே நாளில் அழிந்துபோகவில்லை. சிம்ஸ் 4 வேறு வழி சென்றது: ஒவ்வொரு புதுப்பிப்பிற்குப் பின்னும் திருத்தங்கள் எல்லாவற்றையும் தானே அணைத்துவிடுகிறது, ஆடுவோர் பார்த்துப் பார்த்து மீட்டும் ஏற்ற வேண்டும். மருந்து கசப்பாயினும் சேமித்த ஆட்டம் கெடாது.

புதுப்பிப்பே கூடாது என்று வாதிப்பார் இலர். பிழை களைதல், பலர் கூடி ஆடும் ஆட்டங்களில் எல்லோரும் ஒரே பதிப்பில் இருத்தல், பாதுகாப்பு ஓட்டைகளை அடைத்தல் ஆகியவற்றிற்கு அது இன்றியமையாதது. பூசல் பாத்தியதையைப் பற்றியது. ஸ்டீம் தளத்தில் ஓர் ஆட்டத்தைத் திறக்கும் வரையில் புதுப்பிப்பைத் தள்ளிவைக்க வழியுண்டு. வேண்டாமென்று அடியோடு மறுக்கும் தெரிவு அங்கே இல்லை. கலிபோர்னியாவில் நிறைவேறிய சட்டமொன்றை அடுத்து, 2024 அக்டோபர் முதல் அத்தளம் விலை செலுத்தும் இடத்திலேயே, வாங்குவது ஆட்டத்தை அன்று, அதனைப் பயன்படுத்தும் உரிமத்தை மட்டுமே என்று எழுதிக் காட்டுகிறது. அவ்வரியைப் படித்தபின், இரவில் வந்து சீட்டுக்கட்டை மாற்றுபவனைத் திருடன் என்று சொல்லவும் வழியில்லை, கட்டு அவனுடையது. தனியாக ஒருவர் வீட்டிலிருந்து ஆடும் ஆட்டத்திலாவது பழைய பதிப்பை வைத்துக்கொள்ளும் சுவாதீனத்தை விற்போர் கொடுத்தல் வேண்டும் என்பதும், எஸ்.சி.எஸ். நிறுவனத்தார் செய்வதைப் பிறர் செய்யாமைக்குத் தொழில்நுட்பக் காரணம் ஒன்றும் இல்லை என்பதும் இதனை எழுதுவோர் அபிப்பிராயம்.

அதுவரையில் கைப்பேசியில் ஆடுவோர் செய்துகொள்ளத்தக்கது சிறிது உண்டு. பிளே ஸ்டோரில் அவ்வாட்டத்தின் பக்கத்தைத் திறந்து, மேல் மூலையிலுள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டால், தானாகப் புதுப்பிப்பதற்கு இசைவு தரும் சிறு கட்டம் ஒன்று தோன்றும். அதிலுள்ள குறியை எடுத்துவிட்டால், மற்றச் செயலிகள் புதுப்பிக்கப்பெறினும் அந்த ஆட்டம் மட்டும் இருந்தபடியே இருக்கும்.