சிறு வணிகரும் இணையத்தளமும்: தொழினுட்பத் தெரிவு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

உலகளாவிய வலையின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் பெருநிறுவனங்களின் எழுச்சியையும் வீழ்ச்சியையுமே எழுதுகின்றனர். ஒரு சிறு கடைக்காரர் தமது கடைக்கென இணையத்தளம் ஒன்றை அமைத்தபோது எத்தொழினுட்பத்தைத் தெரிந்தார், அத்தெரிவினால் எவர் உள்ளே வந்தனர், எவர் வாயிலிலேயே நின்றனர் என்பன அவ்வரலாறுகளில் இடம்பெறுவது அரிது. இவ்வினா எமக்கு ஏட்டறிவினால் எழுந்ததன்று. எமது பீடத்திற் பயிலும் விழிப்புலனற்ற நண்பர் ஒருவர், நகரிலுள்ள நூற்கடை ஒன்றின் இணையத்தளத்திலே பாடநூல் ஒன்றின் விலையை அறிய முயன்றார். திரையிலுள்ள எழுத்தைக் குரலாக மாற்றித்தரும் மென்பொருளான திரைவாசிப்பான், 'படம், படம், படம்' என மும்முறை கூறி ஓய்ந்தது. விலைப்பட்டியல் முழுவதும் படமாகவே ஒட்டப்பட்டிருந்தது. அதனை நாம் வாசித்துக் காட்டினோம். அவர் நன்றி கூறினாராயினும், ஒரு நூலின் விலையை அறிவதற்கும் பிறரை நாடவேண்டியிருந்தமை அவருக்கு உவப்பானதாக இருக்கவில்லை.

வலை தோன்றிய காலத்தில் இந்நிலை இருக்கவில்லை என்பது கவனத்திற்குரியது. ரிம் பேணர்ஸ்-லீ 1989ஆம் ஆண்டில் ஜெனீவாவுக்கு அண்மையிலுள்ள சேர்ண் ஆய்வுகூடத்தில் முன்வைத்த திட்டம், வெவ்வேறு வகைக் கணினிகளைப் பயன்படுத்திய விஞ்ஞானிகள் ஒரே ஆவணத்தைப் படிப்பதற்கு வழிதேடியதாகும். எனவே எச்.ரி.எம்.எல். எனும் குறிமொழி, ஒரு பகுதி எவ்வாறு தோன்றவேண்டும் என்பதைக் காட்டிலும் அது யாது என்பதையே முதன்மையாகக் கூறிற்று: இது தலைப்பு, இது பந்தி, இது பட்டியல், இது இணைப்பு. தோற்றத்தைத் தீர்மானிப்பது படிப்பவரின் கருவியின் வேலை. கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் 1992இல் உருவான லிங்ஸ் எனும் உலாவி எழுத்தை மட்டுமே காட்டிற்று. அதனைக் குரலாக மாற்றுவது கடினமாக இருக்கவில்லை. 1993 ஏப்ரல் 30ஆந் திகதி சேர்ண் தனது வலை மென்பொருளைப் பொதுச் சொத்தாக்கியது. ஆகவே, மிக எளிய தொழினுட்பமே உரிமக் கட்டணமற்றதாயும் எவரும் அணுகத்தக்கதாயும் அன்று விளங்கிற்று. சிறு வணிகருக்கு இதனிலும் உகந்த நிலை பின்னர் வாய்த்ததாகக் கூறமுடியாது.

1993இல் மொசெயிக் உலாவி உரையின் நடுவே படத்தைக் காட்டத் தொடங்கியது. படத்தைக் காணாதோருக்கென மாற்றுரை எழுதும் வசதி 1995இல் வெளியான எச்.ரி.எம்.எல். இரண்டாம் பதிப்பிலேயே இருந்தது. எனினும் அதனை எழுதியோர் சிலரே. வணிகர் விரும்பியது அச்சகத் துண்டுப்பிரசுரம் போன்ற ஒரு பக்கம். அதனை அளிப்பதற்கு, தரவுகளை நிரைப்படுத்துவதற்கென அமைந்த அட்டவணைக் குறிகளைப் பக்க அலங்காரத்திற்குப் பயன்படுத்தும் வழக்கம் எழுந்தது. இவ்வழக்கத்தைப் பரப்பிய நூலை 1996இல் எழுதிய டேவிட் சீகல், மறு ஆண்டிலேயே வலையைப் பாழாக்கியவன் தானே என்று ஒப்புக்கொண்டு ஒரு கட்டுரை வெளியிட்டார். அக்காலத் திரைவாசிப்பான்கள் பல, திரையை இடமிருந்து வலமாக வரிவரியாகப் படித்தன. எனவே இரு நிரல்களாக அமைந்த பக்கத்தில் இடப்புறத்துப் பொருளின் பெயரும் வலப்புறத்து விளம்பரமும் ஒரே வாக்கியமாகக் கலந்து ஒலித்தன. தோற்றத்தைப் பொருளிலிருந்து பிரிக்கும் சி.எஸ்.எஸ். முறையை ஹோகன் வியூம் லீ 1994இலேயே முன்மொழிந்திருந்தார். 1996 டிசெம்பரில் அது நியமமுமாயிற்று. உலாவிகள் அதனைச் செம்மையாக ஏற்க மேலும் பல ஆண்டுகள் சென்றன.

இதனிலும் பெரிய தடை பிளாஷ் எனும் அசைபடத் தொழினுட்பத்தினால் நேர்ந்தது. உணவகங்களும் சிறு விடுதிகளும் முகப்பில் இசையும் அசையும் எழுத்துமாகத் தளங்களை அமைத்த காலம் ஒன்றிருந்தது. உணவுப்பட்டியலும் தொலைபேசி இலக்கமும் அந்த அசைபடத்தினுள்ளே அடைபட்டன. 2002இல் வந்த ஆறாம் பதிப்பு வரையில் திரைவாசிப்பானுக்கு அதனுள் நுழைய வழியே இருக்கவில்லை எனலாம். வழி திறந்த பின்னரும் அதனைப் பயன்படுத்திய வடிவமைப்பாளர் குறைவு. 2007இல் வெளியான ஐபோனும் பிளாஷை ஏற்கவில்லை. விழிப்புலனற்றோர் முன்னரே கண்ட தடையைக் கண்ணுள்ளோரும் கைத்தொலைபேசியிற் கண்டபோதுதான் அது தடை என்று உணரப்பட்டது. 2020 டிசெம்பர் 31உடன் பிளாஷுக்கான ஆதரவு முடிவுற்றது. அதனை நம்பிப் பணம் செலவிட்ட வணிகரின் தளங்கள் அதனோடு மறைந்தன.

இவற்றிற்கிடையே அணுகுதகைமை என்பது நியமமாகவும் சட்டமாகவும் உருப்பெற்றது. வலைக் கூட்டமைப்பின் முதலாவது அணுகுதகைமை வழிகாட்டி, பதினான்கு நெறிகளுடன் 1999 மே மாதத்தில் வெளியாயிற்று. அடுத்த மாதமே அவுஸ்திரேலியாவில் புரூஸ் மக்வயர் என்பார் சிட்னி ஒலிம்பிக் ஏற்பாட்டுக் குழுவுக்கு எதிராக மனித உரிமை ஆணைக்குழுவிடம் முறையிட்டார். பிறவியிலேயே பார்வையற்ற அவர் பிரெயில் காட்சிக்கருவி மூலம் கணினியைப் பயன்படுத்துபவர். அவர் கோரியவை மூன்று: படங்களுக்கு மாற்றுரை, விளையாட்டுகளின் சுட்டியை அட்டவணைப் பக்கத்திலிருந்து அடையும் வழி, போட்டி முடிவுகளைப் படிக்கத்தக்க அமைப்பு. குழுவோ இதற்கு இருபது இலட்சம் டொலருக்கு மேற் செலவாகும் என வாதிட்டது. நிபுணர்கள் அம்மதிப்பீட்டை மறுத்தனர். 2000 ஓகஸ்டில் ஆணைக்குழு மக்வயருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. கட்டளை முற்றாக நிறைவேறாமையால் 20,000 டொலர் இழப்பீடும் பின்னர் விதிக்கப்பட்டது. இங்கு நாம் நோக்கவேண்டியது செலவு பற்றிய வாதத்தையே. ஆயிரக்கணக்கான பக்கங்களைக் கட்டி முடித்தபின் திருத்துவதற்கே பெருஞ்செலவு கூறப்பட்டது. தொடக்கத்திலேயே எழுதியிருப்பின் ஒரு மாற்றுரை ஒரு வரி உழைப்பாகும். பத்துப் பக்கம் கொண்ட ஒரு கடையின் தளத்திற்கு அச்செலவு வாதம் சற்றும் பொருந்தாது.

தமிழ்த் தளங்களுக்கோ மேலும் ஒரு தடை இருந்தது. ஒருங்குறியின் முதற் பதிப்பிலேயே (1991) தமிழுக்கு இடமளிக்கப்பட்டிருந்தபோதும், ஈழத்து அச்சகங்களும் அலுவலகங்களும் நெடுங்காலம் பாமினி எழுத்துருவையே கையாண்டன. அம்முறையிற் கண்ணுக்குத் தமிழாகத் தெரிவது கணினிக்கு ஆங்கில எழுத்துகளே. 'தமிழ்' எனும் சொல்லைத் திரைவாசிப்பான் ஜே, கே, பீ, ஓ, அரைப்புள்ளி என்றே காணும். ஒருங்குறியில் எழுதப்பட்டாலன்றி அங்குத் தமிழ் இல்லை என்றே கொள்ளவேண்டும். இன்று நிலை மாறியுள்ளது. 2006இல் அவுஸ்திரேலியாவில் மைக்கல் கரன் தொடக்கிய என்.வி.டி.ஏ. எனும் இலவசத் திரைவாசிப்பான், அதனோடு வரும் குரற்பொறியினாற் தமிழையும் ஒலிக்கின்றது. குரல் சற்று இயந்திரத்தனமானதே. நண்பர் அதனை எம்மிலும் மும்மடங்கு வேகத்தில் வைத்துக் கேட்கின்றார்.

ஆயினும் தடை நீங்கியதெனக் கூறுவதற்கில்லை. வெப்எய்ம் எனும் அமைப்பு பத்து இலட்சம் முகப்புப் பக்கங்களை ஆண்டுதோறும் சோதிக்கின்றது. கண்டறியத்தக்க வழுவுடைய பக்கங்கள் 2019இல் 97.8 வீதம், 2025இல் 94.8 வீதம். அவற்றுட் பெரும்பாலான வழுக்கள் மங்கிய எழுத்து, மாற்றுரையின்மை, படிவங்களுக்குப் பெயரின்மை, வெறும் இணைப்பு, வெறும் பொத்தான், பக்கத்தின் மொழியைக் குறிக்காமை ஆகிய ஆறு வகையுள் அடங்குவன. இவற்றுள் எதற்கும் புதிய தொழினுட்பம் வேண்டியதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் அணுகுதகைமைச் சட்டம் 2025 யூன் 28 முதல் நடைமுறைக்கு வந்தபோது, பத்துப் பேருக்குக் குறைந்த பணியாளரும் இருபது இலட்சம் யூரோவுக்கு மேற்படாத வருவாயும் உடைய சேவை வணிகங்களுக்கு விலக்களித்தது. சிறியோர்மீது சுமையேற்றலாகாது என்பது அதன் நியாயம். இந்நியாயத்தை எம்மால் முழுமையாக ஏற்க இயலவில்லை. சிறு வணிகர்க்கு மலிவான முறையே அணுகத்தக்கதாகவும் உள்ளவிடத்து, அதனைச் சுமையெனக் கருதுவது வரலாற்றுக்குப் பொருந்தாது.

அந்நூற்கடைக்கு நாம் பின்னர் சென்று, விலைகளை எழுத்தாகவே இடலாம் என எடுத்துரைத்தோம். உரிமையாளர் மறுக்கவில்லை. "செய்யலாம் தம்பி. ஆனால் இதைச் செய்து தந்த பொடியன் வெளிநாடு போயிட்டான். இதுக்குள்ள எப்பிடிக் கை வைக்கிறதெண்டு எனக்குத் தெரியாது" என்றார். படத்திலிருந்த விலைகளுட் பாதி பழையன என்றும் அவரே கூறினார்.