நூற்றுக்குத் தொண்ணூறு

அமெரிக்காவில் சிகாகோ. ஊரின் மேற்குப் பக்கத்தில் நார்த் லாண்டேல் என்று ஒரு பேட்டை. நூறு வருஷத்துக்கு முன்னால் அங்கே போயிருந்தால் யிட்டிஷ் பாஷை உங்கள் காதில் விழுந்திருக்கும். ரஷ்யப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த யூதர்கள். அவர்களுக்கு முன்னால் அங்கே இருந்தவர்கள் செக்காரர்கள்.

வந்த புதிதில் சொந்த ஜனத்தோடு ஒண்டிக்கொள்வது, கையில் நாலு காசு சேர்ந்ததும் வசதியான இடத்துக்கு ஜாகை மாற்றுவது. உலக வழக்கம்தானே? சிகாகோ பல்கலைக்கழகத்தின் எர்னஸ்ட் பர்ஜெஸ் 1925இல் இதை ஒரு படமாகவே போட்டுக் காட்டினார். வட்டத்துக்குள் வட்டம். வந்தவன் நடுவில் இறங்குவான், அவன் பிள்ளைகள் வெளி வட்டத்துக்கு நகர்வார்கள்.

எல்லாம் சரி. ஒரே ஒரு சாராருக்கு மட்டும் இந்தப் படம் பொருந்தவில்லை. கறுப்பர்கள்.

இத்தனைக்கும் அவர்கள் குடியேறிகள் இல்லை. தலைமுறை தலைமுறையாக அமெரிக்க மண்ணில் பிறந்தவர்கள். தெற்கு மாநிலங்களின் கொடுமை தாங்காமல் ரயிலேறி வடக்கே வந்தார்கள். 1910இல் சிகாகோவில் அவர்கள் சுமார் 44 ஆயிரம் பேர். 1930இல் 2 லட்சத்து 33 ஆயிரம். இருக்கக் கிடைத்த இடமோ தெற்குப் பக்கத்தில் ஒரு குறுகிய பட்டை. வெளியே வீடு பார்க்கலாம் என்றால், 'கறுப்பருக்கு விற்க மாட்டோம், வாடகைக்கும் விட மாட்டோம்' என்று பத்திரத்திலேயே எழுதியிருக்கும். இப்படிப்பட்ட ஷரத்தைக் கோர்ட்டுகள் அமல்படுத்தக் கூடாது என்று உச்சநீதிமன்றம் சொன்னதே 1948இல்தான்.

இந்தப் பிரிவினையை அளக்க முடியுமா? முடியும் என்றார்கள் ஓடிஸ் டட்லி டங்கன், பெவர்லி டங்கன் தம்பதி. 1955இல் அவர்கள் அலசி நிலைநிறுத்திய அளவுகோல் ரொம்ப சிம்பிள். ஊரில் இரண்டு இனங்கள் எந்த விகிதத்தில் இருக்கின்றனவோ, அதே விகிதத்தில் ஒவ்வொரு பேட்டையிலும் கலந்திருந்தால் மார்க் 0. இங்கே முழுக்க இவர்கள், அங்கே முழுக்க அவர்கள் என்றால் 100. அப்படியானால் 90? விகிதம் சமமாக வேண்டுமென்றால், ஒரு சாராரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் பெட்டி படுக்கையோடு வேறு பேட்டைக்குப் போயாக வேண்டும்.

ஐரோப்பாவிலிருந்து வந்தவர்களின் மார்க் தலைமுறைக்குத் தலைமுறை இறங்கியது. சிகாகோவின் கறுப்பர்களுக்கு? 1960இலும் 90க்கு மேல்.

'அவர்கள் இடம் மாறவே இல்லையா?' என்று கேட்பீர்கள். மாறினார்கள். அங்கேதான் விஷயமே இருக்கிறது. நார்த் லாண்டேலுக்கே திரும்பி வாருங்கள். 1950இல் அங்கே வெள்ளையர்கள் சுமார் 87 ஆயிரம், கறுப்பர்கள் 13 ஆயிரம். பத்தே வருஷம். 1960இல் வெள்ளையர்கள் 11 ஆயிரத்துக்கும் கீழே, கறுப்பர்கள் 1 லட்சத்து 13 ஆயிரத்துக்கும் மேலே! ஊரே குடிபெயர்ந்தது. ஆனால் கலக்கவில்லை. ஆள்தான் மாறியது.

இதில் லாபம் பார்த்தவர்கள் உண்டு. 'கறுப்பர்கள் வருகிறார்கள், விலை விழப்போகிறது' என்று தரகர்கள் வெள்ளையர்களை மிரட்டுவார்கள். வீட்டை அடிமாட்டு விலைக்கு வாங்குவார்கள். கறுப்பர்கள் குடியிருக்கும் பேட்டை என்றால் கடனுக்கு அரசு உத்தரவாதம் கிடையாது. அதனால் பாங்க் கதவு மூடியிருக்கும். வேறு வழியில்லாத கறுப்பருக்கு அதே வீடு இரண்டு மடங்கு விலையில், தவணையில். கடைசித் தவணை கட்டும்வரை பத்திரம் கைக்கு வராது. நடுவில் ஒரு தவணை தவறினாலும் வீடு போய்விடலாம், கட்டின பணமும் போய்விடலாம்.

1966 ஜனவரியில் மார்ட்டின் லூதர் கிங் இதே நார்த் லாண்டேலில் ஒரு பழைய ஃபிளாட்டில் வந்து குடியேறினார். ஆகஸ்டில் வெள்ளையர் பேட்டையான மார்க்கெட் பார்க் வழியே ஊர்வலம் போனபோது அவர் தலையில் கல் விழுந்தது. 1968 ஏப்ரலில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டு ஒரு வாரத்தில், வீட்டு விஷயத்தில் இனபேதம் கூடாது என்ற சட்டம் கையெழுத்தானது.

அதன் பிறகு மார்க் இறங்கியது. ஆனால் நத்தை வேகம். இன்றும் அமெரிக்கப் பெருநகரங்களில் மிகவும் பிளவுபட்டவற்றின் வரிசையில் சிகாகோ இருக்கிறது.

'அவங்க ஆளுங்க சேர்ந்துதான் இருப்பாங்க சார்' என்று யாராவது சொன்னால், சட்டென்று தலையாட்டிவிடாதீர்கள். அந்தத் தெருவை விட்டு வெளியே போனால் அவர்களுக்கு வீடு கொடுக்க ஆள் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.