எல்லையிற் பிரிந்த குடும்பங்களும் சட்டசபையின் கண்காணிப்பும்

சட்டம் இயற்றுவதே சட்டசபையின் தொழில் எனப் பொதுவாகக் கருதப்படுகின்றது. ஆயினும், இயற்றிய சட்டம் எவ்வாறு இயங்குகின்றது, ஒதுக்கிய பணம் எவ்வழியிற் செலவாகின்றது, அதிகாரம் பெற்றோர் அதனை யார்மீது, எந்நோக்குடன் செலுத்துகின்றனர் என்பனவற்றைக் கேட்டறிதலும் அதன் கடனேயாகும். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அரசியலமைப்பில் விசாரணை அதிகாரம் பற்றி ஒரு சொல்லும் எழுதப்படவில்லை. எனினும், சட்டமியற்றும் அதிகாரத்துள் அஃது அடங்கியுள்ளதென அந்நாட்டு உயர் நீதிமன்றம் 1927ஆம் ஆண்டிலே தீர்ப்பளித்தது. 1946ஆம் ஆண்டுச் சட்டமொன்று, காங்கிரசின் குழுக்கள் நிருவாகத்தை இடையறாது கண்காணித்தல் வேண்டுமென விதித்தது. இவ்வதிகாரத்தின் வலிமையும் மெலிவும் ஒருங்கே வெளிப்பட்ட நிகழ்ச்சி, 2018ஆம் ஆண்டில் மெக்சிக்கோ எல்லையிற் குடியேற வந்த குடும்பங்கள் பிரிக்கப்பட்டமையாகும்.

அனுமதியின்றி எல்லை கடத்தல் 1929ஆம் ஆண்டுச் சட்டத்தினால் அந்நாட்டிற் குற்றமாக்கப்பட்டது. முதன்முறை கடப்போர்க்கு ஆகக்கூடிய தண்டனை ஆறு மாதச் சிறையே. மறுபுறத்தில், புகலிடம் தேடுவோர் எவ்வழியாக நாட்டினுட் புகுந்தாராயினும் விண்ணப்பம் செய்யும் உரிமையுடையர் என்பது 1980ஆம் ஆண்டு அகதிகள் சட்டத்தின் விதி. குவாத்தமாலா, ஒண்டுராஸ், எல் சல்வடோர் ஆகிய நாடுகளினின்று குழந்தைகளுடன் வந்தோர் பலரும் இவ்விரு சட்டங்களுக்கும் இடையிற் சிக்குண்டனர். முன்னைய அரசாங்கங்களின் காலத்திற் குழந்தையுடன் வந்த பெற்றோர்மீது குற்ற வழக்குத் தொடரப்படுவது அரிதாயிருந்தது.

2018 ஏப்பிரல் 6ஆம் நாள் சட்டமா அதிபர் ஜெப் செசன்ஸ் இவ்வழக்கத்தை மாற்றினார். தென்மேற்கு எல்லையை அனுமதியின்றிக் கடப்போர்மீது, சிறிதும் விட்டுக்கொடாது, குற்ற வழக்குத் தொடருமாறு அவர் பணித்தார். மே மாதத்தில் உண்ணாட்டுப் பாதுகாப்புத் திணைக்களமும் இதற்கு இணங்கிக் குடும்பமாக வந்தோரையும் வழக்கிற்கு ஒப்படைக்கத் தொடங்கியது. பெற்றோர் குற்றவியற் காவலில் வைக்கப்பட்டனர். குழந்தையைச் சிறைக்கு அனுப்புதல் இயலாதாகையால், அக்குழந்தை துணையின்றி வந்த குழந்தையாகக் கணிக்கப்பட்டு, அகதிகள் குடியேற்ற அலுவலகத்தின் பராமரிப்புக்கு மாற்றப்பட்டது. துணையற்ற குழந்தைகளை இவ்வலுவலகத்திடம் ஒப்புவிக்கும் ஏற்பாடு 2002ஆம் ஆண்டுச் சட்டத்தினால் ஏற்பட்டது. 72 மணி நேரத்துள் ஒப்புவித்தல் வேண்டுமென்பது 2008ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதி. இவ்விரண்டும் குழந்தைகளின் நலங்கருதிக் காங்கிரஸ் இயற்றியவை. காக்கும்பொருட்டு ஆக்கிய வேலியே தாயையுஞ் சேயையும் பிரிக்கும் சுவராயிற்று. இங்குப் புதிய சட்டம் எதுவும் இயற்றப்படவில்லை. பழைய சட்டங்கள் புதிய முறையிற் பொருத்தப்பட்டன. சட்டசபை தான் இயற்றியவற்றைத் தொடர்ந்து நோக்குதல் ஏன் இன்றியமையாதது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

பிரிப்பதைக் கொள்கையாகக் கொண்டிலோம் என உண்ணாட்டுப் பாதுகாப்புத் திணைக்களத் தலைவர் கேர்ஸ்ரன் நீல்சன் 2018 யூன் மாதத்தில் வெளிப்படையாகக் கூறினார். ஆயினும் நாடெங்கும் எழுந்த கண்டனத்தின் முன் அவ்வாதம் நிலைக்கவில்லை. யூன் 20ஆம் நாள் ஜனாதிபதி டிரம்ப் பிரிப்பை நிறுத்தும் கட்டளையிற் கையொப்பமிட்டார். யூன் 26ஆம் நாள் சன் டியாகோ நகரிலுள்ள மாவட்ட நீதிமன்றத்தின் நீதிபதி டேனா சப்ரோ, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளை 14 நாட்களுக்குள்ளும் ஏனையோரை 30 நாட்களுக்குள்ளும் பெற்றோருடன் சேர்க்குமாறு ஆணையிட்டார். காவலில் வைக்கப்பட்டோரின் உடைமைகளுக்குக் கணக்கு வைத்திருக்கும் அரசாங்கம், அவர்தம் குழந்தைகளுக்குக் கணக்கு வைத்திலது என அவர் சுட்டிக்காட்டினார்.

இக்காலத்திற் சட்டசபை யாது செய்தது? 2018ஆம் ஆண்டில் இரு சபைகளிலும் ஜனாதிபதியின் குடியரசுக் கட்சியே பெரும்பான்மை பெற்றிருந்தது. சிறுபான்மையினர் வினவலாம், ஆனால் ஆவணங்களைக் கட்டாயமாகப் பெறும் அழைப்பாணை பிறப்பிக்கும் அதிகாரம் அவர்க்கில்லை. யூன் 3ஆம் நாள் ஒறிகன் மாநிலச் செனற்றர் ஜெப் மேர்க்லி, ரெக்சாஸ் மாநிலத்துப் பிரவுன்ஸ்வில் நகரிற் குழந்தைகள் தங்கியிருந்த விடுதிக்குச் சென்றார். பெருங்கடையாக இருந்த அக்கட்டிடத்தினுட் செல்ல அவர்க்கு இடமளிக்கப்படவில்லை. மக்களின் பிரதிநிதி வாயிலில் நின்று திரும்பிய அக்காட்சியே பலர்க்கு விடயத்தை உணர்த்திற்று. யூலை 31ஆம் நாள் செனற்றின் நீதிக்குழு அதிகாரிகளை அழைத்து விசாரித்தது. எனினும், அதற்குள் ஆயிரக்கணக்கான குழந்தைகள் பிரிக்கப்பட்டுவிட்டனர்.

காங்கிரசின் கணக்காய்வு உறுப்பாகிய அரசாங்கப் பொறுப்புடைமை அலுவலகம் 2018 ஒக்ரோபரில் வெளியிட்ட அறிக்கை பெரும்பயன் விளைத்தது. குழந்தைகளைப் பராமரிக்கவேண்டிய திணைக்களத்துக்கு ஏப்பிரற் கட்டளை முன்னரே அறிவிக்கப்படவில்லை என்பதும், பிரிக்கப்பட்ட குழந்தை இன்ன பெற்றோர்க்குரியது எனக் குறித்தற்குப் பதிவேடுகளில் ஓரிடமும் வகுக்கப்பட்டிருக்கவில்லை என்பதும் அதனால் வெளிப்பட்டன. 2016 நவம்பரில் அவ்வலுவலகத்தின் பராமரிப்புக்கு வந்த குழந்தைகளுள் 0.3 சதவீதத்தினரே பிரிக்கப்பட்டோராக இருக்க, 2017 ஓகஸ்ற் மாதத்தில் அத்தொகை 3.6 சதவீதமாயிற்று. எனவே தீங்கு கட்டளைக்கு முன்னரே தொடங்கிவிட்டது.

2019 ஜனவரியிற் பிரதிநிதிகள் சபையிற் சனநாயகக் கட்சி பெரும்பான்மை பெற்றதும் விசாரணை விரைவுற்றது. பெப்ரவரி 7ஆம் நாள் நடைபெற்ற விசாரணையில், குழந்தைப் பராமரிப்புக்குப் பொறுப்பாயிருந்த அதிகாரி ஜொனதன் வைற் சாட்சியமளித்தார். பிரிப்பினால் விளையும் தீங்கைத் தாம் 2017இலேயே மேலதிகாரிகளுக்கு எடுத்துரைத்ததாகவும், அத்தகைய கொள்கை எதுவும் இல்லையெனத் தமக்கு விடை கிடைத்ததாகவும் அவர் கூறினார். அம்மாதம் 26ஆம் நாள் எலைஜா கமிங்ஸ் தலைமையிலான மேற்பார்வைக் குழு, மூன்று திணைக்களங்களுக்கு அழைப்பாணை பிறப்பிக்கத் தீர்மானித்தது. குடியரசுக் கட்சியினர் சிலரும் இதற்கு ஆதரவளித்தனர். அதன்பயனாகப் பெற்ற ஆவணங்களைக்கொண்டு யூலையில் வெளிவந்த அறிக்கை, இரண்டு வயது நிரம்பாத குழந்தைகள் 18 பேரேனும் பிரிக்கப்பட்டனர் எனவும், அவருள் ஒன்பதின்மர் ஒரு வயதும் நிரம்பாதோர் எனவும் காட்டியது.

தொகையும் படிப்படியாகவே வெளிப்பட்டது. நீதிமன்றத்துக்குக் காட்டப்பட்ட பட்டியலில் 2,737 குழந்தைகள் இருந்தனர். அதற்கு முன்னர் ஆயிரக்கணக்கானோர் பிரிக்கப்பட்டிருக்கலாம் என 2019 ஜனவரியில் சுகாதாரத் திணைக்களத்தின் தலைமைச் சோதனையாளர் அறிவித்தார். அவ்வாண்டு ஒக்ரோபரில் மேலும் 1,556 குழந்தைகளின் விவரம் ஒப்படைக்கப்பட்டது. நீதித் திணைக்களத்தின் தலைமைச் சோதனையாளரோ, இக்கொள்கை குடும்பங்களைப் பிரிக்குமென அறிந்தும் அத்திணைக்களத் தலைவர்கள் அதற்குரிய ஆயத்தம் எதுவுஞ் செய்திலர் என 2021 ஜனவரியில் முடிவு கூறினார். இச்சோதனையாளர் பதவியும் காங்கிரஸ் இயற்றிய சட்டத்தின் படைப்பேயாகும்.

இவற்றினின்று பெறப்படுவன யாவை? பிரிப்பை நிறுத்தியவை மக்களின் குரலும் நீதிமன்றமும், சட்டசபையன்று. உண்மையை வெளிக்கொணர்ந்தவை பெரும்பாலும் சட்டசபையும் அது நிறுவிய உறுப்புக்களும். ஆட்சியாளரின் கட்சியே சபையிலும் மேலோங்கியபோது கண்காணிப்பு மந்தமுற்றது. கட்சி மாறியபின் விரைந்தது. கண்காணிப்பைக் கட்சிக்கு எதிரான படைக்கலமாக மட்டும் கருதும் சபை, காலந்தாழ்த்தே விழித்தெழும். அவ்வாறு தாழ்த்த ஒவ்வொரு வாரமும் ஒரு குழந்தைக்குத் தாய்முகம் காணாத வாரமாயிற்று.

விசாரணையின் முடிவு சட்டமாதல் வேண்டும் என்பது மற்றொரு பாடம். 2019 டிசெம்பரில் நிறைவேறிய ஒதுக்கீட்டுச் சட்டம், உண்ணாட்டுப் பாதுகாப்புத் திணைக்களத்தின் தடுப்பு நிலையங்களுட் கண்காணிப்பின்பொருட்டுச் செல்லும் காங்கிரஸ் உறுப்பினரைத் தடுத்தற்குப் பொதுப்பணம் செலவிடலாகாதென விதித்தது. இஃது ஒரு சிறு வெற்றி. குடும்பப் பிரிப்பையே தடைசெய்யச் செனற்றர் டயான் பைன்ஸ்ரைன் 2018 யூனிற் கொணர்ந்த சட்டமூலமோ சட்டமாகவில்லை. செசன்சின் கட்டளை 2021 ஜனவரி 26ஆம் நாள் நீக்கப்பட்டது. ஆனால் ஒரு கையொப்பத்தால் நீக்கப்பட்டது மற்றொரு கையொப்பத்தால் மீளக்கூடும். 2023 டிசெம்பரில் நீதிபதி சப்ரோ ஏற்றுக்கொண்ட இணக்கத் தீர்வு அத்தகைய கொள்கையை எட்டு ஆண்டுகளுக்குத் தடுக்கின்றது. எட்டு ஆண்டுகளுக்கு அப்பால் அத்தீர்வு பேசவில்லை. அங்குப் பேசவேண்டியது சட்டசபையே.

எல்லையைக் காத்தல் அரசின் உரிமை என்பதை எவரும் மறுக்கார். ஆனால் அவ்வுரிமையைச் செலுத்துவோர், பிரித்த குழந்தையின் பெயரையும் அதன் தாயின் பெயரையும் ஒரேயேட்டில் எழுதி வைத்தனரா எனக் கேட்பதற்கு ஓரிடம் நாட்டில் இருத்தல் வேண்டும். அவ்விடமே சட்டசபை. அக்கேள்வி பிரிப்புக்கு முன்னர் கேட்கப்படின் காவலாகும். பின்னர் கேட்கப்படின் வரலாறாக மட்டுமே எஞ்சும்.